அடக்க இயலாத அசைவுகளும் ஒலிகளும்: பள்ளிப் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய துணை

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருவிழாக் காலத்தில் ஆலய மண்டபத்தில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுவது நம் மலேசிய மண்ணில் நெடுநாளைய வழக்கம். தோட்டப்புறங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அருகருகே வளர்ந்தவை. அந்த உறவின் உரிமையோடு, பல வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு செய்தி இன்று இம்மன்றத்தின் முன் வைக்கப்படுகிறது.

மூன்றாம் ஆண்டில் பயிலும் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். அவன் திடீரெனக் கண்களை இறுக மூடி மூடித் திறக்கத் தொடங்குகிறான். கண் மருத்துவரிடம் காட்டுகிறார்கள், பார்வையில் குறையில்லை. சில வாரங்களில் கண்சிமிட்டல் ஓய்ந்து, தோளைக் குலுக்குகிறான். பிறகு தொண்டையைச் செருமுகிறான். இருமல் மருந்து இரண்டு புட்டி தீர்ந்தும் செருமல் நிற்கவில்லை. பாட்டி கண்ணேறு என்கிறார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். வகுப்பாசிரியர் சேட்டை என்கிறார். திங்கட்கிழமை சபைகூடலில் எல்லாரும் அமைதியாக நிற்கும் வேளையில் அவனிடமிருந்து ஒரு கனைப்பு எழுகிறது. வரிசை முழுவதும் சிரிக்கிறது. கட்டொழுங்கு ஆசிரியர் அவனை முன்னே அழைக்கிறார். அன்றே அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வந்து சேர்கிறது.

இவன் ஓர் எடுத்துக்காட்டுதான். ஆயினும் இவனைப் போன்ற ஒரு பிள்ளையேனும் இல்லாத பள்ளி அரிது.

இஃது என்ன?

இத்தகைய அசைவையும் ஒலியையும் மருத்துவர்கள் 'டிக்' என்று அழைக்கின்றனர். நினையாமல் எழுந்து, திடுமெனத் தோன்றி, மீண்டும் மீண்டும் நிகழும் துடிப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கண்சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், தலையை வெட்டுதல், தோளைக் குலுக்குதல் ஆகியவை அசைவு வகை. செருமல், மூக்கை உறிஞ்சுதல், முனகல், கனைத்தல், சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லுதல் ஆகியவை ஒலி வகை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஐவரில் ஒருவர் வரை ஏதேனும் ஒரு காலத்தில் இதற்கு ஆளாகலாம். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அது சில மாதங்களில் தானே மறைந்துவிடும். பல அசைவுகளும் ஓர் ஒலியேனும் சேர்ந்து, 18 வயதிற்கு முன் தோன்றி, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது 'தூரெட்' நிலை எனப்படும். அது நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு உண்டு. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு மிகுதி.

1885ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ஜில் த லா தூரெட் என்னும் மருத்துவர் இத்தகைய 9 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருடைய ஆசிரியர் சார்க்கோ இந்நிலைக்குத் தம் மாணவரின் பெயரையே சூட்டினார். பின்னர் நெடுங்காலம் இது மனக்கோளாறு என்றும் வளர்ப்பின் குறை என்றும் கருதப்பட்டது. பழி பெரும்பாலும் பெற்றோர்மீதே விழுந்தது. 1960களில் ஹாலோபெரிடால் என்னும் மருந்து இத்துடிப்புகளைக் குறைப்பது கண்டறியப்பட்ட பின்னரே, இது மூளையின் இயக்கத்தைச் சார்ந்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. மூளையின் மேற்பரப்புக்கும் அடியிலுள்ள நரம்புக் கணுக்களுக்கும் இடையே ஓடும் இணைப்புகளில் நிகழும் வேறுபாடே இதற்குக் காரணம் என்று இன்று அறியப்படுகிறது. குடும்பத்தில் தொடர்ந்து வரும் தன்மையும் இதற்கு உண்டு. எனவே, பிள்ளைக்கு இது வந்ததற்குத் தாயின் செல்லமோ தந்தையின் கண்டிப்போ காரணமாகாது.

இனி, பலரைக் குழப்பும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். "சிறிது நேரம் அடக்கிக்கொள்கிறானே, அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறான் அல்லவா?" என்று கேட்போர் உண்டு. தும்மலை எண்ணிப் பாருங்கள். மூக்கில் ஒரு குறுகுறுப்பு எழுகிறது. மூக்கைப் பிடித்துச் சிறிது தள்ளிப்போடலாம். ஆயினும் தும்மினால்தான் அந்தக் குறுகுறுப்புத் தணிகிறது. டிக் உள்ள பல பிள்ளைகளுக்கும் அவ்வாறே, அசைவு எழுவதற்கு முன் உடலில் ஓர் அழுத்தமோ அரிப்போ தோன்றுகிறது. அதைச் சில நிமிடங்கள் அடக்கலாம். ஆனால் அடக்குவதற்குப் பெருமுயற்சி வேண்டும். அம்முயற்சிக்குச் செலவாகும் கவனம் பாடத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. கணக்குப் பாடத்தில் அசையாமல் அமர்ந்திருந்த பிள்ளைக்குக் கணக்கு விளங்காமற் போனதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பள்ளியில் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு வீட்டு வாசற்படி ஏறியதும் துடிப்புகள் கொட்டித் தீர்வதைப் பல பெற்றோர் கண்டிருப்பர். "பள்ளியில் அப்படி ஒன்றும் செய்வதில்லையே" என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்டு, "வீட்டில் மட்டும் நடிக்கிறாயா?" எனப் பிள்ளையைக் கடிந்துகொள்வது அறியாமையால் நேரும் கொடுமை.

துடிப்பு மறையும், பட்டப்பெயர் மறையாது

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். பழக்கங்களுக்கு அது பொருந்தலாம், டிக்கிற்குப் பொருந்தாது. இது பெரும்பாலும் 4 முதல் 6 வயதிற்குள் தோன்றுகிறது. 10 முதல் 12 வயதில் உச்சம் பெறுகிறது. அதன்பின் பெரும்பாலோர்க்குப் படிப்படியாகத் தணிகிறது. சிலருக்கு மட்டுமே வளர்ந்த பின்னரும் கடுமையாக நீடிக்கிறது.

நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் பயில்வது 7 முதல் 12 வயது வரை. அதாவது, துடிப்பு ஏறி உச்சத்தை எட்டும் ஆண்டுகள் முழுவதும் அவர்கள் தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையில்தான் இருக்கிறார்கள். இடைநிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை எட்டும்போது அது குறையத் தொடங்கிவிடும். ஆனால் இரண்டாம் ஆண்டில் சூட்டப்பட்ட பட்டப்பெயர் அவ்வாறு குறைவதில்லை. "நான் ஒரு கேலிப்பொருள்" என்ற எண்ணம் பத்து வயதில் ஊன்றிவிட்டால், கண்சிமிட்டல் நின்று பல ஆண்டுகள் ஆன பின்னும் அது உள்ளே நின்றுவிடும். ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் காக்க வேண்டியது பிள்ளையின் தன்மதிப்பை. துடிப்பை நிறுத்துவது அதற்கு அடுத்தது.

"அடியாத மாடு படியாது" என்னும் மொழியும் இங்கே உதவாது. பதற்றமும் களைப்பும் அச்சமும் துடிப்பைப் பெருக்குவன. பிரம்பைக் காட்டினால் அச்சம் கூடும்; அச்சம் கூடினால் கனைப்பும் கூடும்; கனைப்புக் கூடியதற்கு மீண்டும் அடி விழும். "நிறுத்து, நிறுத்து" என்று அன்போடு சொல்வதும் ஓரளவு இதே விளைவைத் தரும்; துடிப்பை மறந்திருந்த பிள்ளைக்கு அதை நினைவூட்டுவது அச்சொல்லே.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலில், வீட்டில் அதைக் கண்டும் காணாதவராய் இருத்தல் வேண்டும். அண்ணன் தம்பியர், தாத்தா பாட்டி, பள்ளி வேன் ஓட்டுநர் ஆகியோரிடமும் இதனைச் சொல்லி வைக்க வேண்டும். போதிய உறக்கம் இன்றியமையாதது. திருவிழா, பிறந்தநாள் போன்ற மகிழ்ச்சியான நாள்களிலும் துடிப்பு மிகலாம். அது கண்டு கலங்க வேண்டியதில்லை. சில வாரங்கள் கூடுவதும் சில வாரங்கள் குறைவதும் இதன் இயல்பு.

இரண்டாவதாக, அரசுச் சுகாதார கிளினிக்கிலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டி, தேவைப்பட்டால் பொது மருத்துவமனையின் குழந்தை நல மருத்துவரிடம் செல்லக் கடிதம் பெற வேண்டும். மருத்துவர் முன் அமர்ந்ததும் பிள்ளை அடக்கிக்கொள்வது இயல்பாதலால், வீட்டில் நிகழ்வதைக் கைப்பேசியில் சிறிது படம்பிடித்துச் செல்வது நலம். எந்த வயதில் தொடங்கியது, எவை மாறின என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். வலிப்பு நோய், கண் நோய், ஒவ்வாமை ஆகியவை இல்லை என்று உறுதிப்படுத்துவது மருத்துவரின் பணி. ஆலயத்தில் நேர்ந்துகொள்வதும் திருநீறு பூசுவதும் பிள்ளைக்கு மனவலிமை தரும், அவற்றைச் செய்யட்டும். ஆனால் அவற்றைக் காரணமாகக் காட்டி மருத்துவரைத் தள்ளிப்போடலாகாது.

மூன்றாவதாக, சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மிதமான துடிப்புக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. கழுத்துவலி, காயம், படிப்புக்கு இடையூறு, மனவேதனை ஆகியவை நேரும்போதே சிகிச்சை பற்றி எண்ண வேண்டும். 1973ஆம் ஆண்டில் அஸ்ரின், நன் என்னும் இரு உளவியலாளர்கள் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். துடிப்புக்கு முன் எழும் அந்த அழுத்தத்தைப் பிள்ளை இனங்கண்டு, துடிப்புக்கு மாறான ஓர் அசைவைச் சிறிது நேரம் மேற்கொள்வதே அதன் அடிப்படை. தோளைக் குலுக்க உந்துதல் எழும்போது கையை விலாவோடு மெல்ல அழுத்திக்கொள்ளலாம். செருமத் தோன்றும்போது மூக்கின் வழியே நிதானமாக மூச்சுவிடலாம். இம்முறையை விரிவாக்கி 126 பிள்ளைகளிடம் சோதித்த ஆய்வு 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. பத்து வாரங்களில் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 53 பேர் நன்கு தேறினர். பொதுவான ஆதரவும் விளக்கமும் மட்டும் பெற்றோரில் தேறியவர் நூற்றுக்கு 19 பேர். இப்பயிற்சியை முறையாகக் கற்ற உளவியலாளரிடமே பெற வேண்டும். பிள்ளையின் விருப்பத்தோடு செய்வது இது. வகுப்பில் ஆசிரியர் "கையை அழுத்து" என்று அதட்டிச் செய்விப்பதன்று. கடுமையான நிலைக்கு மருந்துகளும் உண்டு. அவற்றின் பக்கவிளைவுகளை மருத்துவரிடம் கேட்டறிந்தே தொடங்க வேண்டும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கைகளை உதறுவதும் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதும் டிக்கினின்று வேறானவை. அவை பெரும்பாலும் சீரான தாளத்தோடு நிகழ்பவை. பிள்ளைக்கு ஆறுதல் தருபவை. தீங்கு நேராதவரை அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. அடுத்து, பதின்ம வயதில் ஒரே நாளில் கடுமையான அசைவுகளும் கூச்சல்களும் தோன்றினால் அது வேறுவகையாக இருக்கலாம். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020, 2021ஆம் ஆண்டுகளில், பல நாடுகளில் இளம்பெண்களிடம் இத்தகைய நிலை மிகுந்து காணப்பட்டது. அதற்குரிய சிகிச்சையும் வேறு. அதுவும் நடிப்பன்று.

ஆசிரியர் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இடையூறு மிகுந்த ஒரு வகுப்பை நடத்த வேண்டியவர்கள். நாற்பது நிமிடப் பாடத்தில் இருபது முறை ஒலியெழுந்தால் பொறுமை சோதனைக்குள்ளாவது இயல்பே. ஆயினும் வகுப்பின் கண்கள் ஆசிரியரின் முகத்தையே பார்க்கின்றன. அவர் திரும்பிப் பாராமல் பாடத்தைத் தொடர்ந்தால், சில நாள்களில் மாணவர்களும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடுவர். அவர் முகம் சுளித்தால், நாற்பது முகங்கள் சுளிக்கும்.

குறும்புக்காரர்களை முன்வரிசையின் நடுவில் அமர்த்துவது வழக்கம். இப்பிள்ளைக்கு அவ்விடம் பொருந்தாது. முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் பார்க்கின்றனர் என்ற எண்ணமே துடிப்பைக் கூட்டும். பக்கவாட்டில், கதவுக்கு அருகில் அமர்த்தலாம். ஆசிரியரும் பிள்ளையும் மட்டும் அறிந்த ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டியதும் ஐந்து நிமிடம் வெளியே சென்று வரலாம். வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்து வரும் பொறுப்பை அவனுக்கே தந்தால், வெளியே செல்வது தண்டனையாகத் தோன்றாது, பெருமையாகவும் இருக்கும்.

உரக்க வாசிக்கும் முறை வரும்போது, அன்று இயலாது என்றால் மறுநாள் வாசிக்க விடலாம். கண்சிமிட்டலும் தலை அசைவும் மிகுந்தால் வாசிப்பில் வரி தவறும். கை துடித்தால் கையெழுத்துக் கோணும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கலாகாது. பள்ளிச் சோதனையின்போது வேறோர் அறையில் எழுதவிட்டால், பிறர்க்கு இடையூறு ஆகுமோ என்ற கவலை அவனுக்கும் இராது; பிறர்க்கும் அமைதி கிட்டும். எஸ்.பி.எம். தேர்வைப் பொறுத்தவரை, சிறப்புத் தேவையுடைய மாணவர்க்குக் கூடுதல் நேரம் முதலிய ஏற்பாடுகளுக்குப் பள்ளியின் வழி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பல பெற்றோரின் உள்ளத்தில் இன்னோர் அச்சமும் உண்டு. "மருத்துவரின் கடிதத்தைக் காட்டினால் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிவிடுவார்களோ?" என்பது அது. டிக் அறிவுக் குறைவன்று. கவனக் குறைவு, மிகையியக்கம், செய்ததையே திரும்பச் செய்யத் தூண்டும் எண்ணங்கள் ஆகியவை சிலருக்கு உடன்வரலாம்; அவற்றுக்கு உதவி தேவைப்படும். ஆனால் துடிப்பு மட்டுமே உள்ள பிள்ளைக்கு உரிய இடம் அவனுடைய வழக்கமான வகுப்பே. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டமும், குறையைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து எவரையும் ஒதுக்கலாகாது என்கிறது. கடிதத்தை மறைத்து வைத்தால் ஆசிரியர் சேட்டை என்றே எண்ணுவார். ஆகவே, பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர், தலைமையாசிரியர் ஆகியோரிடம் நேரில் பேசிவிடுவது நல்லது.

சக மாணவர்களிடம் சொல்லலாமா? பிள்ளை இசைந்தால் சொல்லலாம், இசையாவிட்டால் காத்திருக்கலாம். சொல்லும்போது, "இவனுக்குத் தும்மல் வருவதுபோல் இவ்வொலி வரும், ஒட்டாது, அவன் வேண்டுமென்று செய்வதில்லை" என்னும் அளவே போதும். பிள்ளைகளுக்கு விளக்கம் கிடைத்தால் வேடிக்கை குறைந்துவிடும். அதன்பின்னும் எவரேனும் அதைப்போல் நடித்துக் காட்டினால் அது பகடிவதை. ஒழுங்கு நடவடிக்கை அங்குதான் தேவை.

டிக் உள்ளவர் திட்டும் சொற்களையே கத்துவர் என்று திரைப்படங்கள் பரப்பிய எண்ணம் தவறானது. தூரெட் நிலையுடையோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே அது நேர்கிறது. அவ்வாறு நேர்ந்தாலும் அச்சொல்லைத் தேர்ந்தவன் அப்பிள்ளை அல்லன்.

திறமைக்குத் தடையில்லை

ஒரு செயலில் உள்ளம் முழுதும் ஒன்றும்போது துடிப்பு தணிவதைப் பலரிடம் காணலாம். மருத்துவ எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸ் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தூரெட் நிலையுடைய ஓர் அறுவை மருத்துவரைப் பற்றி எழுதினார். நடைபாதையில் துள்ளித் துடிக்கும் அவருடைய கைகள், அறுவையைத் தொடங்கியதும் அமைதியாகிவிடுமாம். மான்செஸ்டர் யுனைடெட், எவர்ட்டன் குழுக்களின் கோல்காவலராய் நம் இளைஞர்கள் அறிந்த டிம் ஹவர்ட், சிறுவயது முதலே தூரெட் நிலையுடையவர். 2014 உலகக் கிண்ணப் போட்டியில் பெல்ஜியத்திற்கு எதிராக அமெரிக்காவின் கோல்வாயில் நின்று அவர் தடுத்த பந்துகளைக் காற்பந்து அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, மிருதங்கம், சிலம்பம், நீச்சல், ஓவியம் என எதில் பிள்ளையின் மனம் ஒன்றுகிறதோ அதில் அவனை ஈடுபடுத்துங்கள்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் லூயிஸ் கபால்டி என்னும் பாடகர் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். முந்திய ஆண்டில்தான் தமக்குத் தூரெட் நிலை இருப்பதை அவர் உலகுக்கு அறிவித்திருந்தார். பாட்டின் நடுவே துடிப்பு மிகுந்தது, குரலும் ஒத்துழைக்கவில்லை. கூடியிருந்த பெருந்திரள் அவர் விட்ட இடத்திலிருந்து அப்பாடலைத் தானே பாடியது. எவரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. துணை நிற்றல் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

ஆலயத்தின் பங்கு

பிறர் பார்வைக்கு அஞ்சிப் பிள்ளையைத் திருமணத்திற்கும் ஆலயத்திற்கும் அழைத்துவராத பெற்றோர் உண்டு. உண்மையில் இப்பிள்ளைக்கு ஆலயத்தைப் போல் ஏற்ற பொது இடம் வேறில்லை. நாதஸ்வரமும் தவிலும் மணியோசையும் நிறைந்த இடத்தில் ஒரு சிறுவனின் கனைப்பு எவ்வளவு? தீபாராதனைக்குப் பின் அமைதி நிலவும் சில நொடிகளில் அவ்வொலி எழுந்தால், திரும்பிப் பாராதிருப்பதும் ஒரு வழிபாடே.

மேலாண்மைக் குழுவினர் மூன்று செயல்களை எண்ணிப் பார்க்கலாம். தேவார வகுப்பிலும் சமய வகுப்பிலும் இத்தகைய பிள்ளைகளை மறுக்காமல் சேர்த்துக்கொண்டு, சேர்ந்திசையில் பங்குகொள்ளச் செய்தல்; திருவிழாத் தொண்டர்களுக்கு இதைப் பற்றி ஒரு சொல் சொல்லிவைத்தல்; தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு இணைந்து, ஆண்டுதோறும் ஒரு மருத்துவரை அழைத்துப் பெற்றோரின் ஐயங்களுக்கு விடைபெறுதல். மூன்றுக்கும் பெரும்பொருள் தேவையில்லை.

அன்பர்களே, இத்துடிப்புகளைக் காலம் பெரும்பாலும் தணித்துவிடும். அதுவரை அப்பிள்ளை அடியின்றி, கேலியின்றி, தன் வகுப்பிலும் தன் ஆலயத்திலும் தலைநிமிர்ந்து இருக்கச் செய்வது நம் கையில் உள்ளது. எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் நம் பிள்ளைகள் அனைவரும் கல்வியிலும் நலத்திலும் சிறந்து விளங்குவார்களாக.